அடைபட்ட வண்டில் பாதையைத் திறப்பிக்க ஊரைத் திரட்டுவது எப்படி

இலங்கையின் வன்னியில் அடைபட்டுக் கிடக்கும் பாதைகளில் பெரும்பாலானவை வீதி என்று யாரும் பெயர் வைத்தவை அல்ல. வயலுக்கும் குளத்துக்கும் போன வண்டில் பாதை, பட்டிமாடு சாய்த்த தடம், கரைவலைப் பாட்டுக்கு (வலை இழுக்கும் கரைக்கு) இறங்கிய மணல் வழி, வருசத்துக்கு ஒருக்கால் பொங்கலுக்குப் போகும் காட்டுக் கோயில் பாதை. பெயர்ப்பலகை இருந்ததில்லை, பிரதேச சபைப் பதிவேட்டில் இலக்கம் பெற்றவையும் குறைவு. அதனால்தான் ஒருநாள் எல்லைக்கல்லோ முள்ளுக்கம்பியோ வந்தால், இங்கே பாதை இருந்தது என்று காட்டவே ஊர் திணறுகிறது. ஆட்களைச் சேர்க்க ஒரு ஒலிபெருக்கியும் நாலு பதாகையும் போதும். சேர்ந்த ஆட்களின் கையில் என்ன கடதாசி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கந்தோரில் கதவு திறக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கூட்டம் கூட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

மூடியது யார்?

இதைச் சரியாக அறியாமல் எழுதிய மனு ஒவ்வொரு கந்தோராகச் சுற்றிவிட்டு, "எமது திணைக்களத்துக்கு உரியதல்ல" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும். ஒரே பாதையின் முதல் கிலோமீற்றர் ஒருவரிடமும் அடுத்தது இன்னொருவரிடமும் இருப்பது இங்கே சாதாரணம்.

வெள்ளை எல்லைக்கல் நின்றால் பெரும்பாலும் வன இலாகா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் நிலம் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம், மடு வீதி ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை. தொல்லியல் திணைக்களத்தின் பலகை நின்றால் அது மூன்றாவது வாசல். படைமுகாம் நடுவில் இருந்தால் மாவட்டச் செயலர் ஊடாகத்தான் பேச்சு. குளக்கட்டும் வாய்க்கால் ஒதுக்கமும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல சேவை நிலையத்துக்கோ உரியவை. பக்கத்துக் காணிக்காரர் வேலியை நகர்த்தி அடைத்திருந்தால் அது காட்டுப் பிரச்சினையே அல்ல.

கடைசியில் சொன்னதற்கு வழி மிகச் சுருக்கம். வயலுக்குப் போகும் பாதை என்றால் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ், கமநல வீதியைப் பாவிக்கும் உரிமைக்கு இடையூறு என்று கமநல சேவை நிலையத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அடிபிடி வரும் என்ற நிலை இருந்தால் பொலிஸில் முறையிட்டு, 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். வழிப்பாத்தியத் தகராறும், அதாவது இன்னொருவர் காணியால் போய்வரும் உரிமை பற்றியதும், அதில் அடங்கும். இதற்கு ஊரைக் கூட்டிப் பதாகை பிடிப்பது ஒரு அயலவரை ஊர்ப்பகையாளி ஆக்குவதில்தான் முடியும்.

இன்னொரு வகையும் உண்டு: யாருமே மூடாதது. இடம்பெயர்ந்து பதினைந்து இருபது வருசம் ஆள் போகாமல் பற்றை மூடியது. இதற்கு எதிராளி இல்லை என்று சந்தோசப்பட வேண்டாம். இத்தனை காலத்தில் அது காடாகப் பதிவாகியிருக்கும்.

கல் வேறு, வர்த்தமானி வேறு

எல்லைக்கல் நட்டுவிட்டார்கள், இனி ஒன்றும் செய்யேலாது என்று ஊர் நினைத்துவிடுகிறது. நிலம் ஒதுக்கக்காடு (சட்டப்படி ஒதுக்கிய அரச காடு) ஆவது கல்லால் அல்ல, வர்த்தமானி என்ற அரச இதழில் வரும் அறிவித்தலால். கல் நட்டும் வர்த்தமானியில் வராத நிலம் உண்டு. வர்த்தமானியில் வந்தும் கல் இல்லாத நிலமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் "எஞ்சிய அரச காடு" என்று ஒரு பெரிய பகுதி கிடக்கிறது. 2001 இன் 5 ஆம் இலக்கச் சுற்றறிக்கை அவற்றை வன இலாகாவின் பொறுப்பில் வைத்தது, 2020 இல் வந்த சுற்றறிக்கை அதை மாற்றியது. உங்கள் துண்டு இன்று யார் கையில் என்பதைப் பிரதேச செயலகக் காணிக் கிளையிடம் வாய்ப்பேச்சில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள்.

கேட்பதற்குக் கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மாவட்ட வன அலுவலகம், பிரதேச செயலகம், பிரதேச சபை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். காரணம் எழுதத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். கையோடு கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்காமல் வெளியே வராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வரவேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வி "பாதையை ஏன் மூடினீர்கள்" என்று இருக்கக் கூடாது. அது அபிப்பிராயம், தகவல் அல்ல. அப்படியே திருப்பி அனுப்புவார்கள். இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்:

"இணைத்துள்ள வரைபடத்தில் அ முதல் ஆ வரையுள்ள நிலம் ஒதுக்கக்காடாக அறிவிக்கப்பட்ட வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், அதற்குரிய எல்லை வரைபடத்தின் பிரதி, எல்லைக்கல் நடுவதற்கு முன் செய்த கள ஆய்வு அறிக்கையின் பிரதி, இந்நிலத்தினூடாகச் செல்லும் பாதை பற்றிப் பொதுமக்களிடமிருந்து பெற்ற கோரிக்கைகளும் அவற்றின் மீது எடுத்த முடிவும்."

பிரதேச சபையிடம் அந்த வட்டாரத்தின் வீதிப் பதிவேட்டின் பிரதி. அவ்வளவுதான். நாலு கேள்விக்கு மேல் ஒரே விண்ணப்பத்தில் அடைத்தால் சிக்கலானதுக்கு மட்டும் பதில் இல்லாமல் வரும்.

பாதை இருந்தது என்று காட்டுவது

கிழவர்களின் வாய்மொழி தேவைதான், ஆனால் அது கடைசிச் சான்று. முதலாவது வரைபடம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் வரைபடத் தாள்களில் வண்டில் பாதையும் ஒற்றையடிப் பாதையும் வெவ்வேறு கோடுகளாகப் போடப்பட்டிருக்கின்றன. பின்னால் வந்த 1:50,000 தாள்களிலும் அப்படியே. இரண்டிலும் ஒரே கோடு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் கிராமத்துக்கு இறுதிக் கிராம வரைபடம் இருந்தால் அதையும் எடுங்கள். அதில் பாதைக்குத் தனித் துண்டு இலக்கம் விழுந்திருந்தால் அதைவிடப் பலமான கடதாசி கிடையாது.

இரண்டாவது சான்று பலருக்குத் தெரிவதில்லை: பாதையோரக் காணிகளின் உறுதியும் அனுமதிப்பத்திரமும். நாலு எல்லை சொல்லும் இடத்தில் "கிழக்கு: வண்டில் பாதை", "வடக்கு: குளத்துக்குச் செல்லும் ஒழுங்கை" என்று எழுதியிருக்கும். அரசாங்கமே கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் அரசாங்கமே பாதை என்று எழுதியிருக்கிறது. பாதையோரத்தில் பத்துப் பேர்மிட் காணி இருந்தால் பத்தின் பிரதியையும் சேர்த்து, அந்த வரியை மட்டும் நிறப்பேனையால் குறியுங்கள். போரில் ஆவணம் தொலைத்தவர்கள் காணிக் கிளைப் பேரேட்டில் பார்க்கக் கேட்கலாம்.

மூன்றாவது செய்மதிப்படம். கூகுள் ஏர்த்தில் பழைய வருசத்துக்கு நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. நல்ல தெளிவுள்ள படம் எந்த வருசத்துக்கு இருக்கிறது என்பது இடத்துக்கிடம் மாறும். கோடை காலத்துப் படத்தைத் தேடுங்கள், பங்குனியிலிருந்து புரட்டாதி வரை எடுத்ததை. மாரிப் படத்தில் பற்றை செழித்துத் தடம் மறைந்துபோகும். திகதி தெரியும்படி அச்செடுங்கள்.

பழையவர்களின் வாக்குமூலத்தைச் சத்தியக் கடதாசியாக சமாதான நீதவான் முன் முடியுங்கள். ஐந்து பேர் போதும், ஆனால் ஒரே வசனத்தை ஐந்து பேருக்கும் தட்டச்சுச் செய்தால் அது ஒரு வாக்குமூலம்தான். ஒருவர் நெல் ஏற்றியதைச் சொல்லட்டும், ஒருவர் மாடு சாய்த்ததை, ஒருவர் பொங்கல் பண்டம் கொண்டுபோனதை. பாதையில் நின்ற அடையாளங்களைச் சொல்லச் சொல்லுங்கள்: இந்தப் பாலைமரத்தடி, அந்தத் துரவு, இடிந்த கேணிக் கட்டு. அலுவலர் களத்துக்கு வரும்போது அவை அங்கே நின்று சாட்சி சொல்லும்.

நடந்து பார்ப்பதற்கு முன்

தொலைபேசியை எடுத்துக்கொண்டு பாதையை அளக்கப் போகிறவர்கள் முதலில் மிதிவெடி பற்றி விசாரிக்க வேண்டும். போர் முன்னரங்கு ஓடிய இடங்களுக்கு அருகில், ஆள் போகாமல் கிடந்த பாதை என்றால் கிளிநொச்சியில் உள்ள பிராந்திய மிதிவெடி நடவடிக்கை அலுவலகத்தில் கிராம அலுவலர் மூலம் கேளுங்கள்: அந்தத் துண்டு அகற்றி ஒப்படைக்கப்பட்டதா, எப்போது. அகற்றியது என்றால் கையளிப்புப் பத்திரத்தின் பிரதி மனுவிலும் சேரும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, 119 க்கு அறிவியுங்கள். பற்றையைக் கொளுத்திப் பாதை பிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஒதுக்கக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அளக்கப் போவதைப் பற்றி வன அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, அவர்களது உத்தியோகத்தரையும் கூட வரச் சொல்லுங்கள். வந்தால் கூட்டுக் கள ஆய்வு ஆகிவிடும், அதன் குறிப்பு உங்களுக்குப் பின்னால் பெரும் உதவி. இலவசமாகக் கிடைக்கும் ஓஸ்ம்அண்ட் போன்ற செயலியில் தடத்தைப் பதிவுசெய்து, ஒவ்வொரு வளைவிலும் ஓடையிலும் ஒரு புள்ளி குத்துங்கள்.

யாரைச் சேர்ப்பது

"ஊர்மக்கள்" என்று ஒரே பெயரில் போகும் மனுவுக்கு எடை குறைவு. பாதையைப் பாவித்த ஒவ்வொரு தரப்பும் தன் சங்கக் கடதாசித் தலைப்பில், தன் முத்திரையோடு, தன் காரணத்தைத் தனியாக எழுத வேண்டும். கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கால்நடை வளர்ப்போர், கரையோரம் என்றால் கடற்றொழிலாளர் சங்கம், கோயில் நிர்வாக சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம். ஒவ்வொன்றும் கூட்டம் கூடித் தீர்மானம் எடுத்து, கூட்ட அறிக்கையின் பிரதியை இணைப்பது முறை. மாதர் சங்கத்தைக் கடைசியில் கையொப்பத்துக்கு மட்டும் கூப்பிடும் வழக்கம் இருக்கிறது. விறகுக்கும் குளத்துக்கும் களை பிடுங்கவும் அந்தப் பாதையால் கூடுதலாக நடந்தவர்கள் அவர்கள்தான், அவர்களிடம்தான் நுணுக்கமான விபரம் இருக்கும். வெளிநாட்டிலிருக்கும் ஊரவரிடம் பழைய புகைப்படம் கேளுங்கள். கையொப்பம் கேட்காதீர்கள், பாவிக்காதவரின் பெயர் பாவிப்பவரின் பெயரையும் இலேசாக்கிவிடும்.

கையொப்பத் தாளின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கோரிக்கை முழுதாக இருக்க வேண்டும். வெறுந்தாளில் வாங்கிப் பின்னால் ஒட்டியது என்ற குற்றச்சாட்டு வர இடம் விடாதீர்கள். நிரல்கள்: இலக்கம், பெயர், கிராம அலுவலர் பிரிவு, பாதையை எதற்குப் பாவித்தார், எந்தக் காலத்தில், கையொப்பம். ஒரே கையெழுத்தில் ஒரு குடும்பம் முழுவதும் இருந்தால் மொத்தத் தாளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கைநாட்டு வைத்தவருக்குப் பக்கத்தில் சாட்சியின் ஒப்பம். அடையாள அட்டை இலக்கம் திணைக்களத்துக்குப் போகும் பிரதியில் மட்டும். வட்ஸ்அப்பில் சுற்றும் பிரதியில் அது இருக்கவே கூடாது.

இதோடு ஒரு கணக்கும் வேண்டும். பழைய பாதையால் வயலுக்கு எத்தனை கிலோமீற்றர், இப்போது சுற்றிப் போக எத்தனை. விதைப்புக் கிழமை ஒன்றிலும் அறுவடைக் கிழமை ஒன்றிலும் சுற்றுப்பாதையில் எத்தனை உழவு இயந்திரம், எத்தனை லாண்ட்மாஸ்டர், எத்தனை சைக்கிள் என்று ஏழு நாளும் எண்ணுங்கள். "பெரும் கஷ்டம்" என்று எழுதினால் வாசிப்பவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்தில் கூடுதலாகச் செலவாகும் டீசல் இவ்வளவு என்று எழுதினால் நிற்பார்.

எதைக் கேட்பது

ஊர்க் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழும்பி, கேட்கிறதே கேட்கிறம், காப்பெற் வீதியாய்க் கேட்பம் என்பார். கைதட்டும் விழும். அங்கேதான் பல கோரிக்கை சாகிறது. பாதை கேளுங்கள், வீதி கேட்காதீர்கள்.

காரணம் அளவில் இருக்கிறது. சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 இல் வந்த வர்த்தமானிப்படி 1 ஹெக்டயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பாவனைக்கு மாற்றுவதற்குச் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும். 2.5 மீற்றர் அகலப் பாதை 4 கிலோமீற்றர் ஓடினால் சரியாக 1 ஹெக்டயர். அகலத்தை 6 மீற்றர் ஆக்கினால் 1.7 கிலோமீற்றருக்குள்ளேயே அந்த எல்லை தாண்டிவிடும். ஒதுக்கக்காட்டுக்கு உள்ளேயும் அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளேயும் இந்த அளவு விலக்கும் கைகொடுக்காது. ஆகவே அங்கே "புதிதாக வெட்டுதல்" என்ற சொல்லே மனுவில் வரக் கூடாது. "ஏற்கெனவே இருந்த தடத்தை, இருந்த அகலத்தில், மரம் தறிக்காமல் பாவிக்க அனுமதி" என்பதே கோரிக்கை.

வன உத்தியோகத்தரின் உண்மையான பயம் உங்கள் லாண்ட்மாஸ்டர் அல்ல. முதிரையும் பாலையும் ஏற்றிய லொறி, இரவில் வரும் மணல் டிப்பர். திறந்தால் அவைதான் முதலில் வரும் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்கு மறுமொழியை அவர் கேட்க முன்னம் நீங்களே எழுதிக் கொடுங்கள். இரண்டு வாயிலிலும் இரும்புக் குழாய்த் தடை, திறப்பு ஒன்று திணைக்களத்திடம், ஒன்று கமக்காரர் அமைப்பிடம். காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிவரை மட்டும் பாவனை. யானை நடமாட்டத்துக்கும் அதுவே பொருந்தும். டிப்பரும் பெக்கோவும் நுழையாதபடி வாயிலில் 2.2 மீற்றருக்கு மேல் இடைவெளி விடாமல் இரண்டு கொங்கிறீற் தூண். உங்கள் ஊரில் ஓடும் உழவு இயந்திரப் பெட்டியின் அகலத்தை முதலில் அளந்துவிட்டு இந்த எண்ணைக் கூட்டியோ குறைத்தோ எழுதுங்கள். அளக்காமல் தூண் போட்டு, தன் நெல்லையே உள்ளே பூட்டி வைத்த கதை ஆகக் கூடாது.

தேசியப் பூங்காவுக்குள் போகும் பாதை வேறு சங்கதி. மன்னாரிலிருந்து மறிச்சுக்கட்டி, எழுவன்குளம் ஊடாகப் புத்தளம் போகும் பழைய பாதை வில்பத்துவுக்குள் ஓடுவதால் அந்த இழுபறி நீதிமன்றம் வரை போனது. அப்படியான இடத்தில் நிரந்தரத் திறப்பைக் கேட்டு மல்லுக்கட்டுவதை விட, திருவிழா நாட்களுக்கு அனுமதி, அல்லது பூங்கா எல்லைக்கு வெளியால் மாற்றுத் தடம் என்று கேட்பது நடக்கக் கூடியது.

மேசைகளின் ஒழுங்கு

கிராம அலுவலரின் சிபாரிசோடு தொடங்குங்கள். பிறகு பிரதேச சபை உறுப்பினர் மூலம் சபையில் ஒரு தீர்மானம். 2025 மே தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மீண்டும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வயல் பாதை என்றால் காலபோகச் செய்கைக் கூட்டத்தில் விடயத்தை எழுப்பி, கூட்ட அறிக்கையில் பதிவிக்க வேண்டும். பேசியது போதாது, எழுதப்பட்டதா என்று பார்த்துப் பிரதி எடுங்கள். அதன்பின் பிரதேச ஒருங்கிணைப்புக் குழு, அங்கிருந்து மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு. கீழ்க் குழுவில் பேசாத விடயத்தை மேல் குழுவில் எழுப்பினால், "பிரதேச மட்டத்தில் ஆராய்ந்து அறிக்கை தருக" என்று கீழே இறக்கிவிடுவார்கள். ஆறு மாதம் போய்விடும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் மாகாண விடயங்களுக்கு ஆளுநர் செயலகம்தான் முகவரி. பிரதி ஒன்று அங்கேயும்.

ஒதுக்கக்காடு என்று உறுதியானால் மாவட்ட வன அதிகாரிக்கே தனியாக அனுமதிக்கும் அதிகாரம் இருக்காது. அவர் பரிந்துரைக்க, பத்தரமுல்லைத் தலைமையகம் முடிவெடுக்கும். அவரோடு சண்டை பிடித்தால் பரிந்துரை எழுத வேண்டிய கையையே முறிப்பதாகும். தலைமையகத்துக்குப் போகும் கோவையில் இரண்டு பக்கச் சுருக்கத்தைச் சிங்களத்திலும் வையுங்கள். தமிழில் எழுதும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதை விடவேண்டாம். ஆனால் மொழிபெயர்ப்புக்காகக் கோவை மேசையில் மாதக்கணக்கில் தூங்குவதைச் சுருக்கம் தடுக்கும்.

சந்திக்கப் போவோர் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம்: பேச ஒருவர், கடதாசி எடுத்துக் கொடுக்க ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர், பாதையை நேரில் பாவித்த இருவர். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அன்று மாலையே, "இன்று பேசியபடி" என்று தொடங்கும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள்.

தெருவுக்கு இறங்குவது

கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பில் 2017 சனவரி கடைசியில் தொடங்கிய போராட்டம் மார்ச் 1 இல் காணி விடுவிப்போடு முடிந்தது. இரணைதீவு மக்கள் 2017 மே முதல் கரையில் இருந்து போராடி 2018 ஏப்ரலில் படகேறினார்கள். இவற்றைப் பார்த்து எல்லாப் பாதைக்கும் கொட்டகை போட முடியாது. அவை படையினர் வைத்திருந்த இடங்கள், ஒரு கட்டளையால் விலகக் கூடியவை. வர்த்தமானியில் ஏறிய காட்டுக்கு அப்படி விலகும் ஆள் இல்லை. கவனயீர்ப்பை, பதில் வராத கடிதம் குறைந்தது இரண்டு கையில் இருக்கும்போது, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு நாலைந்து நாள் முன்னர், ஒரு மணித்தியாலத்துக்கு வையுங்கள். காலை 9 மணிக்கு முடித்தால் செய்தியாளர்கள் அன்றைக்கே அனுப்பலாம். அவர்கள் கையில் ஒரு பக்கம் கொடுங்கள்: பாதையின் பெயர், தொடக்கமும் முடிவும், தூரம், பாவிப்போர் தொகை, கடிதங்களின் திகதி. அரசியல்வாதியை அழைப்பதானால் எல்லாக் கட்சியையும் அழையுங்கள். ஒருவர் மட்டும் வந்து நின்றால் மற்றவர்கள் அந்தப் பாதையை அவருடையது என்று எழுதிவிடுவார்கள்.

வேலி பிடுங்குவது, கல் கிளப்புவது, இரவோடிரவாகப் பெக்கோ விடுவது மூன்றையும் யாராவது முன்மொழிவார்கள். வனச் சட்டத்தில் குற்றத்துக்குப் பாவித்த வாகனமும் பறிமுதலாகும். பெக்கோக்காரரின் வாழ்வாதாரம் போவதோடு, கோவையில் இனி உங்கள் பெயர் மனுதாரர் என்றில்லாமல் சந்தேகநபர் என்று இருக்கும்.

எழுத்தில் அனுமதி வந்த பிறகு

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைப் பெரிதாக அச்சிட்டு இரண்டு வாயிலிலும் தொங்கவிடுங்கள். முதல் சிரமதானத்தில் கத்தியும் மண்வெட்டியும் மட்டும். சுமையேற்றிய பெட்டி போக 3 மீற்றர் உயரத்துக்குக் கொப்பு கழிப்பது போதும், அதையும் உத்தியோகத்தர் நிற்கும்போது செய்யுங்கள். சரிவில் 30, 40 மீற்றருக்கு ஒருக்கால் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு மண்மேடு போட்டுத் தண்ணியைப் பக்கத்துக்குத் தள்ளாவிட்டால் முதல் மாரியிலேயே சில்லுத்தடம் வாய்க்காலாகிவிடும். ஓடை கடக்கும் இடத்தில் குழாய் வைத்து மூடாதீர்கள், சருகும் தடியும் அடைத்து மேட்டையே அரித்துக்கொண்டு போகும். தண்ணி மேலால் பாயும்படி கருங்கல் பாவி, நடுவைத் தாழ்வாக விட்ட இறக்கம் நிற்கும். கனமழைக்குப் பின் இரண்டு நாள் உழவு இயந்திரம் விடாமல் தடையைப் பூட்டி வைப்பதற்கு, திறப்பு வைத்திருப்பவருக்குச் சங்கம் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரோடுதான் ஊர் சண்டைக்குப் போகும்.